862 ஓட்டில் தோற்ற பால் பண்ணைக்காரர்

பிள்ளைகளுக்குக் காலையில் ஊற வைத்த பாதாம் நாலு கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. டொரான்டோவோ, லண்டனோ, சிங்கப்பூரோ, நீங்கள் எங்கே இருந்தாலும் அந்தப் பாதாம் கலிபோர்னியாவில் விளைந்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உலகத்துப் பாதாமில் சுமார் 80 சதவீதம் அங்கேதான் விளைகிறது. அந்தத் தோட்டங்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவில் இருக்கிற ஒரு தேர்தல் தொகுதியைப் பற்றித்தான் இந்த மாதப் பத்தி.

ஏன் அந்தத் தொகுதி? பள்ளியில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு அரசியல் என்றால் இரண்டு டீம். சிவப்பு, நீலம். நம்ம டீம், அவங்க டீம். கிரிக்கெட் மாதிரி. நாமும் சாப்பாட்டு மேஜையில் அப்படித்தான் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் இந்த இரண்டு டீமுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோட்டில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏன் அங்கே நிற்கிறார்கள், அவர்களை அங்கே நிறுத்துவது யார் என்று பார்த்தால், ஓட்டு என்பது என்ன என்பதைப் பிள்ளைக்குச் சொல்வது சுலபமாகிவிடும்.

தொகுதியும் ஆளும்

கலிபோர்னியாவின் 22-வது காங்கிரஸ் தொகுதி. சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் தென்பகுதி. கிங்ஸ், துலேரி, கர்ன் என்று மூன்று கவுண்டிகளின் பகுதிகள் இதில் வருகின்றன. பால் உற்பத்தியில் அமெரிக்காவிலேயே முன்னணியில் நிற்பது துலேரி கவுண்டி. பாதாம், பிஸ்தா, திராட்சை, ஆரஞ்சு எல்லாம் இந்த மண்ணில் விளைகிறது. டெலானோ என்கிற ஊரும் இங்கேதான். 1965 செப்டம்பரில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாளில் சேசர் சாவேஸும் டொலோரஸ் ஹுவர்ட்டாவும் நடத்திய சங்கம் கூடச் சேர்ந்தது. ஐந்து வருடம் நடந்த அந்தப் போராட்டம் 1970-ல் ஒப்பந்தத்தில் முடிந்தது.

அதாவது நிலம் வைத்திருப்பவரும், அந்த நிலத்தில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவரும், இரண்டு பேருமே இந்தத் தொகுதிக்காரர்கள். தொகுதியில் பெரும்பான்மை லத்தீனோ மக்கள். ஒரு எம்.பி.க்கு இதைவிடச் சிக்கலான இடம் கிடைக்காது.

இங்கே குடியரசுக் கட்சி சார்பில் ஜெயித்து வருகிறவர் டேவிட் வலடேயோ. 1977-ல் ஹான்ஃபோர்டில் பிறந்தவர். பெற்றோர் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள். பால் பண்ணைக் குடும்பம். நம்மில் பலரைப் போலவே, பெற்றோர் ஒரு நாட்டில் பிறந்து, தான் இன்னொரு நாட்டில் வளர்ந்த இரண்டாம் தலைமுறை.

அவர் தேர்தல் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2012-ல் முதல் முறையாகக் காங்கிரசுக்கு ஜெயித்தார். 2016-ல் அதே தொகுதியில் அதிபர் பதவிக்கு ஹிலாரி கிளின்டன் சுமார் 15 புள்ளி முன்னிலை. ஆனால் எம்.பி. பதவிக்கு வலடேயோ சுமார் 13 புள்ளி முன்னிலை! எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? டொலோரஸ் ஹுவர்ட்டாவின் மகன் எமிலியோ ஹுவர்ட்டா. ஆயிரக்கணக்கான பேர் ஒரே சீட்டில் மேலே நீலத்துக்கும் கீழே சிவப்புக்கும் போட்டிருக்கிறார்கள். டீம் கணக்கு இங்கே செல்லாது.

2018-ல் கதை மாறியது. தேர்தல் இரவு அவர் ஜெயித்துவிட்டதாகவே அசோசியேட்டட் பிரஸ் அறிவித்தது. ஆனால் தபாலில் வந்த ஓட்டுகளை எண்ண எண்ண முன்னிலை கரைந்தது. கிட்டத்தட்ட மூன்று வாரம் கழித்து அந்த அறிவிப்பையே திரும்பப் பெற்றார்கள். கடைசியில் டி.ஜே. காக்ஸ் 862 ஓட்டில் ஜெயித்தார். ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியில் ஒரு வகுப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் அது.

2020-ல் அதே காக்ஸை எதிர்த்து நின்று சுமார் 1,500 ஓட்டில் இடத்தைத் திரும்பப் பிடித்தார். 2022-ல் தொகுதி எல்லை மாறி எண்ணும் 22 ஆனது. ரூடி சாலஸை எதிர்த்துச் சுமார் 3,100 ஓட்டு வித்தியாசம். 2024-ல் அதே சாலஸ். இந்த முறை ஏறத்தாழ 7 புள்ளி.

நடுவில் நிற்பதற்கு விலை உண்டு

இந்த மாதிரி இடத்தில் கட்சி சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால் வேலைக்கு ஆகாது. அது வலடேயோவுக்குத் தெரியும்.

குடியேற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதாம் மரத்தை உலுக்க இயந்திரம் இருக்கிறது. திராட்சையைப் பறிக்கக் கைதான் வேண்டும். அந்தக் கைகளில் பலவற்றுக்கு ஆவணம் கிடையாது. 2013-ல் ஜனநாயகக் கட்சியினர் கொண்டுவந்த குடியேற்றச் சீர்திருத்த மசோதாவில் கையெழுத்துப் போட்ட மூன்று குடியரசுக் கட்சிக்காரர்களில் இவர் ஒருவர். 2018-ல், சிறு வயதில் அழைத்து வரப்பட்ட பிள்ளைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு தர, தன் கட்சித் தலைமையையே மீறி மசோதாவை ஓட்டெடுப்புக்குக் கொண்டுவர முயன்ற சிலரில் இவரும் உண்டு. 218 கையெழுத்து வேண்டும். 216 கிடைத்தது. இரண்டு கையெழுத்தில் போச்சு. 2021 மார்ச்சில் விவசாயத் தொழிலாளர்களுக்குச் சட்ட அந்தஸ்து தரும் மசோதா 247-க்கு 174 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது அதற்கும் ஆதரவாக ஓட்டுப் போட்டார். செனட்டில் அது நின்றுவிட்டது.

தண்ணீர் விஷயத்தில் அவர் முழுக்க விவசாயிகள் பக்கம். வடக்கே டெல்டாவிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீரை மீன்களுக்காகவும் ஆற்றுக்காகவும் எவ்வளவு விட வேண்டும், வயலுக்கு எவ்வளவு என்பதுதான் அங்கே பல வருடச் சண்டை. கடைமடை விவசாயியின் கோபம் எப்படி இருக்கும் என்று தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால்வாயில் வராவிட்டால் நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். இறைத்து இறைத்து நிலமே தாழ்ந்துபோகிறது. 2014-ல் மாநிலம் அதற்கும் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. 2015-ல் வலடேயோ கொண்டுவந்த தண்ணீர் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. சூழலியல் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன.

பிறகு 2021 ஜனவரி 13. நாடாளுமன்றக் கட்டடத்தில் கலவரம் நடந்து ஒரு வாரம். அதிபர் டிரம்ப் மீதான பதவி நீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் மொத்தம் 10 பேர். வலடேயோ அதில் ஒருவர். அந்தப் பத்துப் பேருக்கு என்ன ஆச்சு? 4 பேர் அடுத்த தேர்தலில் நிற்கவே இல்லை. 4 பேர் சொந்தக் கட்சி வாக்காளர்களின் கோபத்தில் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். மிஞ்சியது 2 பேர்: வாஷிங்டன் மாநிலத்தின் டான் நியூஹவுஸ், கலிபோர்னியாவின் வலடேயோ.

இவர்கள் தப்பியதில் தேர்தல் விதிக்கும் பங்கு உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் முதல் சுற்றான பிரைமரி ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனியாக நடக்கும். கட்சியின் தீவிர ஆட்கள்தான் பெரும்பாலும் வந்து ஓட்டுப் போடுவார்கள். கலிபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள். கலிபோர்னியா மக்கள் 2010-ல் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த முறை இது.

அந்த முறையிலும் 2022-ல் அவர் மயிரிழையில்தான் தப்பினார். டிரம்ப் ஆதரவாளரான கிறிஸ் மதிஸை ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தாண்டி இரண்டாம் இடம் பிடித்தார். வேடிக்கை என்னவென்றால், ஜனநாயகக் கட்சியை ஆதரிக்கும் ஒரு பிரசாரக் குழு, மதிஸ் முந்தட்டும் என்கிற கணக்கில் விளம்பரத்துக்குப் பணம் செலவழித்தது. மதிஸ் வந்தால் நவம்பரில் தோற்கடிப்பது சுலபம் என்பது அவர்கள் எண்ணம். நடுவில் நிற்கிறவர் மேல் இரண்டு பக்கத்திலிருந்தும் கல் விழும்.

முறை மட்டுமே காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. அதே வாஷிங்டன் மாநிலத்தில் அதே முறையில் ஜெய்மி ஹெரேரா பட்லர் முதல் சுற்றிலேயே தோற்றுப்போனார். அவரும் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்தான்.

எண்ணப்படுகிறவர்களும் ஓட்டுப் போடுகிறவர்களும்

ஒரு காங்கிரஸ் தொகுதியில் சுமார் 7.6 லட்சம் பேர். 2022-ல் இந்தத் தொகுதியில் பதிவான ஓட்டு எவ்வளவு? சுமார் 1.03 லட்சம். ஏழு பேரில் ஒருவர்! மீதி ஆறு பேர் எங்கே?

அமெரிக்காவில் தொகுதி பிரிக்கும்போது குடிமக்களை மட்டும் எண்ணுவதில்லை, வசிக்கிற எல்லாரையும் எண்ணுகிறார்கள். குழந்தைகள், கிரீன் கார்டுகாரர்கள், விசாவில் இருப்பவர்கள், ஆவணமே இல்லாதவர்கள் எல்லாரும் கணக்கில் உண்டு. ஆனால் ஓட்டு 18 வயது நிரம்பிய குடிமக்களுக்கு மட்டும். திராட்சை பறிக்கிற குடும்பத்தில் அப்பா அம்மாவுக்கு ஓட்டு இல்லை. இங்கே பிறந்த மகளுக்கு 18 ஆனால்தான் உண்டு. இதற்கு மேல், ஓட்டு இருந்தும் வராதவர்கள். அதிபர் தேர்தல் இல்லாத வருடங்களில் அந்த எண்ணிக்கை எகிறும். 2024-ல் அதே தொகுதியில் பதிவான ஓட்டு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

இது ஏதோ மெக்சிகோக்காரர்கள் கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இருக்கிற ஒரு நடுத்தரத் தமிழ் வீட்டைப் பாருங்கள். தாத்தா பாட்டி கிரீன் கார்டு. கூடத் தங்கியிருக்கும் சித்தப்பா எச்-1பி விசா. இரண்டு பிள்ளைகளும் குடிமக்கள்தான், ஆனால் வயது வரவில்லை. அப்பா அம்மா குடிமக்கள். கணக்கெடுப்பில் 7 பேர். ஓட்டு 2. அந்த இரண்டு பேரும் "இந்த வருஷம் அதிபர் தேர்தல் இல்லையே, எதுக்கு?" என்று தபாலில் வந்த சீட்டைப் பிரிக்காமலே வைத்துவிட்டால், வீட்டில் இருக்கிற ஏழு பேரும் எம்.பி.யின் கணக்கில் பூஜ்யம்.

ஆஸ்திரேலிய வாசகர்களுக்கு இது விநோதமாக இருக்கும். அங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். கனடாவிலும் பிரிட்டனிலும் இருப்பவர்களுக்கு வேறொரு வித்தியாசம் தெரியும்: அங்கே எம்.பி.க்கள் பெரும்பாலும் கட்சி சொல்கிறபடிதான் ஓட்டுப் போடுவார்கள். அமெரிக்காவில் கட்சியை மீற இடம் அதிகம். மீறினால் அதற்கான விலையும் அதிகம்.

2025: பில் வந்த நாள்

இனி இந்தக் கதையின் கஷ்டமான பகுதி.

ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிக்கெய்ட். கலிபோர்னியாவில் அதற்கு மெடி-கால் என்று பெயர். வலடேயோவின் தொகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர் மெடி-காலை நம்பி இருக்கிறார்கள். நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் இது ஒன்று. 2017-ல் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கும் மசோதாவுக்கு அவர் ஆதரவாக ஓட்டுப் போட்டார். அடுத்த வருடம் 862 ஓட்டில் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பலர் சொல்கிறார்கள்.

2025-ல் அதே கேள்வி திரும்ப வந்தது. டிரம்பின் பெரிய வரி, செலவு மசோதாவில் மெடிக்கெய்டுக்குப் பெரிய வெட்டு. ஏப்ரலில் வலடேயோவும் இன்னும் 11 குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் கட்சித் தலைமைக்குக் கடிதம் எழுதினார்கள்: எளிய மக்களின் காப்பீட்டைக் குறைக்கும் மசோதாவை ஆதரிக்க முடியாது என்று. ஜூனில் செனட் வெட்டை இன்னும் ஆழமாக்கியபோதும் எதிர்ப்பைச் சொன்னார். ஜூலை 3 அன்று இறுதி ஓட்டெடுப்பு. 218-க்கு 214. வலடேயோ ஆதரவாக ஓட்டுப் போட்டார். அந்தச் சட்டத்தால் 2034-க்குள் சுமார் 1 கோடி பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்பது காங்கிரஸின் வரவு செலவு அலுவலகத்தின் மதிப்பீடு.

அவர் தரப்பும் நியாயமாகக் கேட்க வேண்டியதுதான். மசோதா தோற்றிருந்தால் குடும்பங்களுக்கு வரி கூடியிருக்கும் என்கிறார்கள். கிராமப்புற மருத்துவத்துக்கு 5,000 கோடி டாலர் நிதி சேர்ந்தது, நீர்த்தேக்க வேலைகளுக்குப் பணம் வந்தது, உள்ளே இருந்து பேசியதால்தான் இவ்வளவாவது கிடைத்தது என்கிறார்கள். எதிர்த் தரப்பு சொல்வது எளிது: நான்கு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறிய மசோதாவில் ஒவ்வொரு ஓட்டுக்கும் பலம் இருந்தது. கடிதத்தில் எழுதியதை ஓட்டில் காட்டவில்லை.

இதைப் பற்றிப் பேசும்போது என் மகன் கேட்டான்: "அப்பா, அப்போ அவர் நல்லவரா, கெட்டவரா?" சினிமா பார்த்து வளர்கிற பிள்ளை, வேறெப்படிக் கேட்பான்! இரண்டு தேதியைச் சொன்னேன். 2021 ஜனவரியில் பதவியே போகும் என்று தெரிந்தும் ஒரு பொத்தானை அழுத்தினார். 2025 ஜூலையில் தானே எழுதிய கடிதத்துக்கு எதிராக ஒரு பொத்தானை அழுத்தினார். இரண்டும் ஒரே ஆள்தான்.

என் எண்ணம் இது. நடுவில் நிற்பது ஒரு குணம் இல்லை. அது ஒரு கணக்கு. யார் ஓட்டுப் போட வருவார்கள், யாருடைய கோபத்தைத் தாங்க முடியும், யாருடையதைத் தாங்க முடியாது என்கிற கணக்கு. 2024-ல் அதே தொகுதியில் டிரம்ப் சுமார் 6 புள்ளி முன்னிலை பெற்றார். நான்கு வருடத்துக்கு முன் அங்கே பைடன் முன்னிலையில் இருந்தார். மெடி-கால் அட்டை வைத்திருக்கிற குழந்தைக்கும், ஆவணம் இல்லாத தகப்பனுக்கும் அந்தக் கணக்கில் இடம் கிடையாது. அவர்களுக்காக ஓட்டுப் போடக்கூடிய அக்காவோ மாமாவோ வராமல் இருந்தால், எம்.பி. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் காதில் அது விழாது.

அடுத்தது 2026

2025 நவம்பரில் கலிபோர்னியா மக்கள் புதிய தொகுதி வரைபடத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். டெக்சஸில் குடியரசுக் கட்சி தனக்குச் சாதகமாக எல்லையை மாற்றியதற்கு இது பதிலடி. அதில் வலடேயோவின் தொகுதியும் கொஞ்சம் நீலப் பக்கம் சாய்ந்தது.

எதிர்த்து நிற்கப்போவதாக 2025-ல் அறிவித்தவர்களில் ஒருவர் ஜஸ்மீத் பெய்ன்ஸ். டாக்டர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், இந்தியாவிலிருந்து குடியேறிய பஞ்சாபிப் பெற்றோரின் மகள். 2023-ல் எண்ணெய் நிறுவனங்களின் லாபத்துக்குக் கடிவாளம் போட ஆளுநர் நியூசம் கொண்டுவந்த மசோதாவைச் சட்டமன்றத்தில் எதிர்த்த ஒரே ஜனநாயகக் கட்சி உறுப்பினர் அவர். கர்ன் கவுண்டியின் எண்ணெய்த் தொழிலாளர்கள் அவருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் இல்லையா! இன்னொருவர் ராண்டி வியேகாஸ், கல்லூரி ஆசிரியர், இடதுபக்கம் சாய்ந்தவர். ஆக, நடுவில் நிற்கும் வலடேயோவை வெல்ல இன்னொரு நடுவாளரை நிறுத்துவதா, வேறு திசையில் இழுப்பவரை நிறுத்துவதா என்பது ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே ஒரு சண்டை.

நம் வீட்டில் செய்யக்கூடியது

பத்து வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். உங்கள் தொகுதி எம்.பி. யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவானாலும் கனடாவானாலும் பிரிட்டனானாலும் முக்கியமான ஓட்டெடுப்புகள் பெரும்பாலும் பெயரோடு பதிவாகின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் வீட்டைத் தொடுகிற ஐந்து ஓட்டுகளை மட்டும் எடுங்கள்: மருத்துவம், விசா, பள்ளி, வரி, வீட்டு வாடகை, எது உங்களுக்கு முக்கியமோ அது. ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். அவர் என்ன பேசினார், எப்படி ஓட்டுப் போட்டார், அதனால் அவருக்கு என்ன நஷ்டம். மூன்றாவது பத்திதான் முக்கியம். நஷ்டம் எதுவும் இல்லாத ஓட்டிலிருந்து ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

தாத்தா பாட்டியையும் உட்கார வையுங்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்த மருத்துவக் காப்பீட்டு ஓட்டு அவர்களைத்தான் முதலில் தொடும். "எங்களுக்காகவும் சேர்த்துப் போடுப்பா" என்று அவர்கள் வாயால் பிள்ளை ஒரு முறை கேட்டால் போதும். 18 வயதாகும்போது அந்தச் சீட்டு பிரிக்காமல் கிடக்காது.

அடுத்த மாதம் சந்திப்போம்.